வேலை கேட்கும் கையும் வேலை கொடுக்கும் கையும்

(சங்கத்தின் வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

‘இளைஞர்களும் சமூகத் தொழில் முனைவும்’ என்பது எனக்கு அளிக்கப்பட்ட பொருள். இதைப் பற்றிப் பேச ஒரு பட்டறை முதலாளியை அழைத்திருக்கலாம். மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கும் ஒரு தலைமையாசிரியன் தொழிலைப் பற்றி என்ன பேசுவது என்று செயலாளரிடம் கேட்டேன். “தொழில் வைத்துக் கொடுத்து நட்டப்பட்டவர் நீங்கள் ஒருவர்தாமே ஐயா” என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கதையைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

முதலில் என் பாட்டனாரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கிணற்றில் கவலை இறைத்த காலத்தில், சாலுக்குத் தோல் வால் தைத்துக் கொடுப்பது அவர் தொழில். தோலைப் பதப்படுத்துவதும், அளந்து வெட்டுவதும், ஒரு சொட்டு நீரும் ஒழுகாமல் தைப்பதும் எளிய வேலை அல்ல. அவர் தைத்த வால் இல்லாவிட்டால் எந்தத் தோட்டத்திலும் வாய்க்காலில் தண்ணீர் ஓடாது. ஆனால், அதற்கு விலை இவ்வளவு என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை. அறுவடை முடிந்ததும் களத்து மேட்டில் பண்ணாடி அளந்து போட்டதே கூலி. 1930-களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. பஞ்சாலைகள் பெருகின. நாளடைவில் கிணறுதோறும் மின்மோட்டார் ஏறியது. அந்த மோட்டாரையும் பம்பையும் செய்து கோயம்புத்தூர் நாடெங்கும் பெயர் பெற்றது. நம்மவர் கையில் இருந்த தோல் தொழில் கிணற்று மேட்டிலேயே கிடந்து மக்கிப் போயிற்று. பம்பு செய்யும் பட்டறைக்குள் நாம் போகாமல் இல்லை. வார்ப்படச் சாலையில் மணல் அள்ளவும், வாசலைக் கூட்டவும் போனோம்.

இதைச் சொல்லுவது அழுவதற்காக அன்று. தொழில் திறம் நமக்குப் புதிது என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்லுகிறேன். திறம் நம்மிடம் இருந்தது. விலை சொல்லும் உரிமைதான் இல்லை. முதலாளி என்ற சொல்லுக்கு நான் கண்ட பொருள், தன் பொருளுக்குத் தானே விலை சொல்லுகிறவன் என்பதே.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். அரசு வேலைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அரசு வேலைதான் என் குடும்பத்தை ஓலைக் குடிசையிலிருந்து வெளியே கொண்டுவந்தது. 2009ஆம் ஆண்டில் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமாயிற்று. அத்தகைய உள் ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அந்த இடங்கள் ஒன்றுகூட வீணாகாமல் நம் பிள்ளைகள் எழுதி வெல்ல வேண்டும். ஆனால் கணக்கையும் பாருங்கள். 2024ஆம் ஆண்டின் குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர். எஞ்சியவர்கள் என்ன செய்வது? ஐந்தாண்டு, ஆறாண்டு பயிற்சி வகுப்பிலேயே வயதைக் கழித்துவிட்டுப் பிறகு பனியன் கம்பெனிக்குக் கை மடிக்கப் போகும் பட்டதாரிகளை நான் பெயர் சொல்லி எண்ண முடியும். அவர்களில் சிலர் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள்.

சமூகத் தொழில் முனைவு என்பது பெரிய சொல்லாகத் தோன்றும். ஊரில் உள்ள ஒரு குறையைத் தீர்ப்பதையே தொழிலாகக் கொண்டு, அதில் வரும் வருவாயில் தானும் வாழ்ந்து, பிறரையும் வாழவைப்பது என்று நான் விளங்கிக்கொண்டிருக்கிறேன். நம் முன்னோர்க்கு இது தெரியாத செய்தி அன்று. 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ஒரு பைசாவுக்கு வார இதழ் நடத்தினார். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கினார். அண்ணல் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். இவையெல்லாம் கட்டடம், கணக்கு, ஆள், பணம் என்று அன்றாடம் மல்லுக்கட்டி நடத்திய நிறுவனங்களே. வெறும் மேடைப் பேச்சால் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஓடு வேய முடியாது.

இனி நம் கோவையிலேயே நடந்த ஒரு வரலாற்றைச் சொல்லுகிறேன். அருணாசலம் முருகானந்தம் என்ற பெயரை நீங்கள் அறிவீர்கள். 2018இல் இந்தித் திரைப்படமாகவும் வந்துவிட்டது. படத்தைப் பார்த்தவர்கள் அதை மறந்துவிட்டுக் கேளுங்கள். படத்தில் எட்டாண்டு இரண்டரை மணி நேரத்தில் ஓடிவிடுகிறது. அவர் கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை விபத்தில் இறக்கவே, பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர். ஆலைத் தொழிலாளர்க்குச் சோறு கொண்டுபோனார், கிழங்கு விற்றார், பட்டறையில் வேலை செய்தார். 1998இல் திருமணம். மனைவி ஏதோ ஒரு பழந்துணியை மறைத்து எடுத்துச் செல்வதைக் கண்டார். மாதவிடாய்க்கு வைக்கும் துணி அது. கடையில் விற்பதை வாங்கினால் வீட்டுக்குப் பால் வாங்கும் காசு குறையும் என்றார் மனைவி.

இந்தச் சொல்லை இந்த மேடையில் சொல்லலாமா என்று நேற்றிரவு வரை எனக்குத் தயக்கம் இருந்தது. என் பள்ளிக்கு அரசின் புதுயுகம் திட்டத்தில் பெண் பிள்ளைகளுக்கு அணையாடைப் பொட்டலங்கள் வந்தபோது, அதைப் பெற்றுக் கையெழுத்திட எனக்கே கூச்சமாக இருந்தது. பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து ஓர் ஆசிரியை வந்து, “சார், அது பூட்டி வைக்கிற பொருள் இல்லை” என்று சொன்ன பிறகே சாவியைக் கொடுத்தேன். அந்த இரண்டு வாரத்தில் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் இருந்தார்களோ, வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

முருகானந்தம் பஞ்சில் ஒரு அணையாடை செய்து மனைவியிடம் கொடுத்தார். பயனில்லை. தங்கையரிடம் கேட்டார், அவர்கள் மறுத்தார்கள். மருத்துவக் கல்லூரி மாணவியரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார். அதுவும் சரிவரவில்லை. கடைசியில் பந்தின் இரப்பர்ப் பையில் ஆட்டு இரத்தத்தை நிரப்பித் தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு, நடந்தும் மிதிவண்டி ஓட்டியும் சோதித்தார். ஊரார் பைத்தியம் என்றார்கள், பேய் பிடித்தது என்றார்கள். மனைவி பிரிந்து போனார். தாயும் போனார். கடையில் விற்கும் அணையாடையில் இருப்பது வெறும் பஞ்சு அன்று, மரக்கூழிலிருந்து எடுக்கும் நார் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு இரண்டாண்டுக்கு மேல் ஆயிற்று. அதைச் செய்யும் வெளிநாட்டு இயந்திரத்தின் விலையோ கோடிக்கணக்கில். அவர் அந்த வேலையை நான்காகப் பிரித்தார். நாரைப் பஞ்சுபோல் அரைத்தல், அச்சில் அழுத்துதல், மேலுறை சுற்றி ஒட்டுதல், புற ஊதாக் கதிரால் கிருமி நீக்கல். கிராமத்துப் பெண் ஒருநாளில் கற்றுக்கொள்ளும்படி எளிய இயந்திரமாக்கினார். ஏறத்தாழ 65,000 ரூபாயில் அது முடிந்தது. 2006இல் சென்னை ஐ.ஐ.டி.யில் காட்டினார், தேசியப் புத்தாக்க விருது கிடைத்தது. ஐந்தாண்டுக்கு மேல் பிரிந்திருந்த மனைவியும் திரும்பி வந்தார். 2016இல் பத்மஸ்ரீ.

இளைஞர்களே, இதில் நான் விருதைப் பெரிதாகக் கருதவில்லை. விருதுக்குப் பின் பெரிய நிறுவனங்களுக்கு உரிமையை விற்றுப் பணக்காரர் ஆகியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யாமல், மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு இயந்திரத்தைக் கொடுத்தார். குழுவே செய்கிறது, குழுவே பெயர் வைக்கிறது, குழுவே விலை சொல்லுகிறது. என் பாட்டனார்க்குக் கிடைக்காதது அது.

இன்னொன்றும் உண்டு. அவரை ஊர் ஒதுக்கியதற்குக் காரணமான சொல் எது? தீட்டு. நம்மையும் அந்தச் சொல்லைச் சொல்லித்தானே ஒதுக்கினார்கள்? வீட்டுக்குள் பெண்ணை மூலையில் உட்கார வைத்ததும், ஊருக்கு வெளியே நம்மைக் குடிவைத்ததும் ஒரே சொல்தான். நம் வீட்டு ஆண்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஊரார் சொல்லும் தீட்டை எதிர்த்துப் போராடிவிட்டு, வீட்டுக்கு வந்து அதே தீட்டை மனைவிக்கும் மகளுக்கும் சொல்லும் வழக்கம் நம்மிடமும் இருக்கிறது.

இப்போது என் நட்டக் கதையைச் சொல்லுகிறேன். என்னிடம் படித்த ஒரு பிள்ளை. சமையலில் கைபாகம் உள்ளவன். “வேலை தேடாதே, வேலை கொடு” என்று நான்தான் அவனுக்கு ஓதினேன். கடன் வாங்க நானே ஜாமீன் கையெழுத்திட்டேன். நெடுஞ்சாலை ஓரத்தில் சிற்றுண்டிக் கடை வைத்தான். இட்லி மல்லிகைப் பூவாக இருக்கும். மூன்று மாதம் நல்ல வியாபாரம். பிறகு அவன் எந்தத் தெருக்காரன் என்று யாரோ விசாரித்தார்கள். யாரும் சண்டைக்கு வரவில்லை, ஒரு கெட்ட சொல்லும் சொல்லவில்லை. வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். மாவு புளித்துக் கீழே கொட்டினான். ஏழாம் மாதம் கடையை மூடினான். இன்று அவன் ஒரு நிட்டிங் ஆலையில் இரவுப் பணியில் இருக்கிறான். பாக்கித் தவணையில் ஒரு பகுதியை நான் கட்டினேன். அதைச் சொல்லிக் காட்டவில்லை. கட்ட வேண்டியவன் நான்தான். சந்தையை அறியாமல் உபதேசம் செய்தவன் நான்.

2018இல் அவிநாசிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில், சத்துணவு சமைக்க வந்த அருந்ததியப் பெண்மணியைச் சமைக்கக் கூடாது என்று சிலர் தடுத்ததும், அவரை இடம் மாற்றியதும், போராட்டத்திற்குப் பின் அந்த மாற்றம் கைவிடப்பட்டதும் செய்தித்தாள்களில் வந்தன. அங்கே சட்டம் துணைக்கு வந்தது. ஆனால் இட்லி வாங்காமல் போகிறவன்மீது எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது?

ஆகவே, எந்தத் தொழில் என்பதைத் தெரிந்தெடுக்கும்போதே இதையும் சேர்த்து எண்ண வேண்டும். செய்த கை எது என்று கேளாமல் அளவும் தரமும் மட்டும் பார்த்து வாங்கும் பொருள் கோவையில் ஏராளம். லேத்தில் கடைந்த ஒரு புஷ் நூலளவு பிசகாமல் இருந்தால் அதில் சாதி தெரியாது. இதைச் சொன்னபோது என் மாணவன் திருப்பிக் கேட்டான்: “அப்படியானால் நான் மறைந்துகொண்டுதான் விற்க வேண்டுமா, சார்?” அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றும் விடை இல்லை. முதலில் வேரூன்றிக்கொள், பிறகு பெயர்ப்பலகையில் உன் பெயரை ஓரடி உயர எழுத்தில் எழுது என்றேன். அவன் முகத்தில் நிறைவு தெரியவில்லை.

மறையாமலே செய்தவரும் உண்டு. திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் பிறந்த இளங்கோ என்பவர் வேதியியல் பொறியாளர், நம்மவர். காரைக்குடியில் மத்திய ஆய்வுக் கூடத்தில் இருந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, 1996இல் ஊராட்சித் தலைவரானார். ஒரே சுவரின் இரு பக்கமும் ஒரு தலித் குடும்பமும் பிற சாதிக் குடும்பமும் குடியிருக்கும் இரட்டை வீடுகளைக் கட்டினார். ஊர்த் தேவையை ஊரிலேயே உற்பத்தி செய்யும் சிறு தொழில்களை வளர்த்தார். நல்ல வேலையை விட்டு வந்த அவரை அப்போது எத்தனை பேர் ஏசியிருப்பார்களோ!

கடைசியாக, மிகவும் கசப்பான ஒரு தொழிலைப் பற்றிச் சொல்லுகிறேன். கையால் மலம் அள்ளுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. ஆயினும் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிச் சாகிறவர்கள் இன்றும் நம் பிள்ளைகளே. உறிஞ்சும் வண்டி வந்துவிட்டது. ஆனால் வண்டிக்கு உரிமையாளர் வேறொருவர், குழாயைப் பிடிப்பவர் நம்மவர். ஏன் வண்டியே நம்முடையதாக இருக்கக் கூடாது? 2024 டிசம்பரில் சென்னையில் தூய்மைப் பணியாளர் குடும்பங்களைச் சேர்ந்த 200-க்கு மேற்பட்டோர்க்குக் கழிவுநீர் அகற்றும் வண்டிகளை உரிமையாக்கி, பல ஆண்டுகளுக்கான பணி ஒப்பந்தமும் குடிநீர் வாரியம் வழியாகத் தரப்பட்டது. அந்த வேலையே நமக்கு வேண்டாம் என்று சிலர் சொல்லுவார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. நம் பிள்ளைகள் அதைவிட்டு வெளியேறத்தான் வேண்டும். ஆனால் இன்று அதில் இருப்பவன் நாளைக் காலை உயிரோடு வீடு திரும்ப வேண்டுமே. உரிமையாளன் நம்மவனாக இருந்தால் ஆளை உள்ளே இறக்கமாட்டான் என்று நம்புகிறேன். இதில் என்னோடு மாறுபடுகிறவர்கள் தேநீர் வேளையில் வந்து பேசலாம்.

பணத்துக்கு வழி என்ன என்று கேட்பீர்கள். தாட்கோ 1974 முதல் இருக்கிறது. 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு முதலீட்டு மானியமும், 6 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மானியத்துக்காகத் தொழில் தொடங்குகிறவன் மானியம் தீர்ந்ததும் நின்றுவிடுவான். அந்த வண்டிகளைப் பல ஊர்களில் துருப்பிடித்த நிலையில் பார்த்திருக்கிறேன்.

வரும் ஞாயிறு முதல் வாரந்தோறும் காலை பத்து மணிக்கு, நம் சங்கத்தின் இரவுப் பாடசாலைக் கட்டடத்தில் நான் இருப்பேன். தொழில் எண்ணம் உள்ளவர்கள் சாதிச் சான்றிதழோடும் படிப்புச் சான்றிதழோடும் வருவதற்குமுன், ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். நீங்கள் செய்ய நினைக்கும் பொருளை உங்கள் ஊரிலும் பக்கத்து மூன்று ஊர்களிலும் யார் விற்கிறார்கள், என்ன விலை, யார் வாங்குகிறார்கள், ஏன் வாங்குகிறார்கள் என்று ஒரு மாதம் எழுதிக்கொண்டு வாருங்கள். நோட்டு இல்லாமல் வருகிறவர்களுக்கு இனி ஜாமீன் கையெழுத்துப் போடுவதில்லை என்று என் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கடை மூடிய என் மாணவனும் அங்கே வருவான். புளித்த மாவின் கணக்கை அவனே உங்களுக்குச் சொல்லித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான்.