தமிழைத் தமிழாகவே தட்டுவோம்



கைத்தொலைபேசி நம் பிள்ளைகளின் தமிழை வளர்க்கிறதா, கெடுக்கிறதா? இதுதான் இன்று நம்முன் உள்ள கேள்வி. எந்த எழுத்தில் தட்டுகிறோம் என்பதைப் பொறுத்தே விடை அமையும் என்பது என் கருத்து.

கணினித் தமிழில் நம் வட்டாரத்துக்குப் பெரும் பங்குண்டு. 1997ல் நா. கோவிந்தசாமி முன்னின்று சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாட்டை நடத்தினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ 2005 பொங்கலன்று இங்கு வெளியீடு கண்டது. கைத்தொலைபேசியில் தமிழிலேயே குறுஞ்செய்தி அனுப்ப அது வழி திறந்தது.

வழி திறந்தும், பிள்ளைகள் பலர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அனுப்புகிறார்கள். இதில் என்ன நட்டம் என்று கேட்கலாம். ஒலி, ஒளி என்ற இரண்டையும் ஆங்கிலத்தின் ‘எல்’ ஒன்றாக்கிவிடுகிறது. மனமும் மணமும் ஒரே சொல்லாகிவிடுகின்றன. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். காதில் விழாத வேறுபாடு கண்ணிலும் படாவிட்டால், பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

இதற்கு ஒரு நல்ல மருந்து, 1999 சென்னை மாநாட்டையொட்டி உருவான ‘தமிழ்99’ விசைமுகம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 விசைகள். 247 எழுத்துகளும் கிடைத்துவிடும். கணினியில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்வரிசை பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ‘க’வைத் தட்டி ‘ஆ’வைத் தட்டினால் ‘கா’. உயிர்மெய் பிறப்பதை விரலே கற்றுக்கொள்கிறது.

‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ என நான்கே தட்டல்கள்; புள்ளி தானாக விழும். ‘பந்து’ என்பதற்கு ப, ந, த, உ. ‘ந’வை அடுத்து ‘த’ வந்ததும் ‘ந’ புள்ளி பெறும். வகுப்பில் படிக்கும் இனவெழுத்துப் பாடம் இதுதானே!

தொடக்கத்தில் வேகம் குறையும், பழகினால் சரியாகிவிடும். ஆசிரியர்கள் வகுப்பில் ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். பெற்றோரே, உங்கள் கைத்தொலைபேசியில் தமிழ் விசைமுகத்தை இன்றே இயக்குங்கள். தினமும் ஒரு வரியாவது பிள்ளைக்குத் தமிழில் அனுப்புங்கள். பதிலையும் தமிழிலேயே கேளுங்கள். தாத்தா பாட்டிக்கு ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். தேர்வுக்காக எழுதும் தமிழ் தேர்வோடு நின்றுவிடும். உறவுக்காக எழுதும் தமிழே நிலைக்கும்.