வெயில் வேறு, வெப்பம் வேறு
(பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மொட்டை மாடியில் சோலார் பேனல் போடுவது பற்றி முடிவெடுக்கும் முன் ஒரு விஷயம். "நம் ஊரில்தான் வெயில் கொளுத்துகிறதே, அப்புறம் என்ன யோசனை?" என்று பலர் கேட்கிறீர்கள்.

ஓர் ஊர் வெயில் ஊரா என்பதை வானிலைத் துறையினர் டிகிரியால் சொல்வதில்லை, மணிக்கணக்கால் சொல்கிறார்கள். சூரியனிலிருந்து நேராக வரும் கதிர் சதுர மீட்டருக்கு 120 வாட்டைத் தாண்டினால்தான் அது வெயில் நேரம். இது உலக வானிலை அமைப்பின் வரையறை.

அமெரிக்காவின் யூமாவில் ஆண்டுக்குச் சுமார் 4,000 மணி நேரம் வெயில். லண்டனில் அதில் பாதிகூட இல்லை. பெருவின் லிமா நம்மைப் போல வெப்பமண்டல ஊர்தான். ஆனால் குளிர்ந்த கடல் நீரோட்டத்தால் மாதக்கணக்கில் வானம் மூடியே கிடக்கும். லடாக்கின் லே நகரில் குளிர் நடுக்கும், வெயிலோ தாராளம். மேகம்தான் பெரும்பாலும் இதைத் தீர்மானிக்கிறது.

பேனலுக்கு வேண்டியதும் வெளிச்சம்தான். சூடு ஏறினால் மின் உற்பத்தி சற்றுக் குறையவே செய்யும். நம் மாடியிலோ மேகத்தோடு தண்ணீர்த் தொட்டியின் நிழலும் சேர்கிறது. எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் நேர்வெயில் விழுகிறது என்று முதலில் குறித்துப் பார்ப்போம்; கொட்டேஷன் அப்புறம் வாங்கலாம்.