பழைய கூட்டினுள் புதிய வசதி

1932 ஆம் ஆண்டிலே அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் மூழ்கிக் கிடந்தது. அவ்வேளையிலேதான் ஹென்றி போர்ட், எட்டுச் சிலிண்டர்களை 'வி' வடிவில் ஒரே வார்ப்பாக அமைத்த இயந்திரத்தைச் சாமானியரும் வாங்கத்தக்க காரிலே பொருத்தி விற்பனைக்கு விட்டார். அதன் வலு 65 பரிவலு. இன்று அது சிறிதாகத் தோன்றலாம். அன்றோ எட்டுச் சிலிண்டர் என்பது பெரும்பாலும் செல்வர் வீட்டுச் சொத்து.

இரு கதவுகளும் மூடிய கூரையும் கொண்ட அதன் சிறிய வகையைக் கூபே என்பர். சில ஆண்டுகளில் அது பழைய காராகி, இளைஞரின் கைக்கெட்டும் விலைக்கு இறங்கிற்று. தென் கலிபோர்ணியாவின் பாலைநிலத்திலே, வறண்ட ஏரிப் படுக்கைகள் சிமெந்துத் தரைபோல் இறுகிக் கிடக்கும். மியூரொக், எல் மிராஜ் ஆகிய அத்தகைய வெளிகளில் இளைஞர் தம் கார்களின் வேகத்தைச் சோதித்தனர். 1937 இல் அதற்கெனச் சங்கமும் அமைத்தனர். பாரம் குறைய மட்காட்டைக் கழற்றினர். காற்றின் தடை குறையக் கூரைத் தூண்களை அறுத்துத் தாழ்த்தினர். 'ஹொட் ரொட்' எனப்படும் கார் இவ்வாறு உருவாயிற்று. வசதி என்பது அவர்கள் நினைவிலேயே இருக்கவில்லை.

இன்று அதே கூபேயை விரும்புவோருள் முதியோர் பலர். வேகத்தோடு குளிர்ச்சியும் அவர்களுக்கு வேண்டும். ஆகவே கம்பிகளால் இயங்கிய பழைய பிரேக்குக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக், தானாக மாறும் கியர், 6 வோல்ற்றுக்குப் பதிலாக 12 வோல்ற்று மின்னமைப்பு எனப் பலவும் உட்புகுகின்றன. இவற்றுள் குளிரூட்டியே பெருந்தொல்லை. வெப்பத்தை வெளியேற்றும் அதன் குழாய்த் தட்டு, ஒடுங்கிய முகப்பிலே ரேடியேற்றருக்கு முன்னால் நின்று காற்றை மறிக்கிறது. வலுமிக்க மின்விசிறி இல்லையேல் இயந்திரம் கொதித்துவிடும். இயந்திரத்தின் சூடு உள்ளே வராதிருக்கத் தரையிலும் முன்தகட்டிலும் வெப்பந்தடுக்கும் விரிப்பும் வேண்டும். இத்தனையும் பூட்டியபின் அவை கண்ணிற் படாமல் மறைப்பது வேறொரு பாடு!

இவ்வளவும் மாறிய பின்னர் அது 1932 ஆம் ஆண்டுக் காரா? பழமை பேணுவோர் இல்லை என்பர். மாற்றியமைப்போரோ, தாம் எடுத்திராவிடில் அது பழைய இரும்போடு போயிருக்கும் என்பர். துருவேறி, இயந்திரமிழந்து கிடந்த காரைப் பொறுத்தவரை இவர்கள் கூற்றே நியாயம். ஆயின் முழுமையாக எஞ்சிய ஒரு காரின் கூரையில் வாளை வைப்பது வேறு. பூட்டிய குளிரூட்டியைக் கழற்றிவிடலாம். அறுத்த தூணை முன்போல் ஆக்க முடியாது. அதே வடிவிலே புதிய எஃகுக் கூடுகள் விற்பனைக்குக் கிடைக்கும் இந்நாளில் அத்தகைய அறுப்புக்கு அவசியமுமில்லை.

பழமையைக் கண்டிப்போடு பேணும் பெபிள் பீச் கார்க் காட்சியிலே, 1997 இல் ஹொட் ரொட்டுக்கெனத் தனிப்பிரிவு முதன்முறையாக இடம்பெற்றது. அதில் வென்றதும் 1932 ஆம் ஆண்டுப் போர்ட்டே. ஆனால் அது கூபே அன்று, திறந்த வகை. கூரையில்லாத அக்காருக்குக் குளிரூட்டியும் தேவைப்படவில்லை.