சயனேற்றிற் பிறந்த யூரியா

யூரியா மூட்டையை நம் ஹாலிஎலத் தோட்டங்களில் அறியாதார் யார்? உயிருள்ள உடலே யூரியாவை ஆக்கவல்லது என்று முன்னாளிற் பலர் எண்ணினர். 1828இல் யேர்மனிய அறிஞர் வோலர், அமோனியஞ் சயனேற்று என்னும் உப்பை ஆக்க முனைந்து கரைசலை வற்றச் செய்தார். கிடைத்ததோ யூரியாப் பளிங்கு! ஓரணுவும் கூடவில்லை, குறையவுமில்லை. அணுக்களின் அடுக்கே மாறிற்று. இன்று ஆலைகள் அமோனியாவையும் காபனீரொட்சைட்டையும் கொண்டே அதனைச் செய்கின்றன. எனினும் சிறுநீரில் உள்ள யூரியாவும் மூட்டையில் உள்ளதும் செடிக்கு ஒன்றே. அளவு மீறினால் இரண்டும் வேரைக் கருக்கும். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டது. தடை அவ்வாண்டே நீங்கியும், ஏறக்குறைய 30 கோடி கிலோவாயிருந்த இலங்கைத் தேயிலை 2022இல் 25 கோடியாக வீழ்ந்தது. கூடை நிறையாத நம் தாய்மாருக்கோ அரைப்பேர்தான்.