குளத்தங்கரையில வேலைன்னா, முதல்ல ஊரைக் கேளு!

(பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றியுள்ள வட்டங்களின் தோழர்கள் கூட்டத்தில், நம் கட்சியின் தகவல் தொழில்நுட்ப அணி சார்பில் பேசிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர முடியாதவங்க முழுசா படிங்க. உங்க வட்டத்து வாட்ஸ்அப் குழுவுல பகிருங்க.)



நான் இன்ஜினியரிங் படிச்சவன். அதனால கோஷத்துக்கு முன்னாடி ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுறேன்.

ஒரு ஹெக்டேர் தாழ்வான நிலம். சுமார் இரண்டரை ஏக்கர். அதுல ஒரு மீட்டர் உயரத்துக்கு மண்ணைக் கொட்டி மேடாக்குறாங்க. அங்க முன்னாடி எவ்வளவு தண்ணி நின்னிருக்கும்? 10,000 கன மீட்டர். அதாவது ஒரு கோடி லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி கணக்குல பார்த்தா 830 லாரிக்கு மேல. மண்ணு கொட்டிட்டா மழை பெய்யாம இருக்கப் போறதில்ல. அந்த 830 லாரித் தண்ணி வேற எங்கயாவது போய்த்தான் ஆகணும். எங்க போகும்? உங்க தெருவுக்கு. உங்க வீட்டுத் தரைத்தளத்துக்கு.

இது ஒரு ஹெக்டேருக்கு. பள்ளிக்கரணையில போனது ஆயிரக்கணக்கான ஹெக்டேர். 1960-களில் சுமார் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த சதுப்பு நிலம் இது. குப்பைக் கிடங்கு, ரோடு, ரயில் பாதை, கல்வி நிறுவனம், ஐ.டி. வளாகம், அரசுக் கட்டடம்னு ஒவ்வொண்ணா வந்து, இன்னைக்கு மிச்சம் இருக்கிறது அதுல ஒரு சிறு பங்கு. இதை ஒரே ஆட்சியில ஒரே ஆள் செய்யல. ஒவ்வொரு முறையும் "இது ஒண்ணுதானே"ன்னு சொல்லிச் சொல்லியே செஞ்சாங்க.

இந்தச் சதுப்பு நிலம் என்ன வேலை செய்யுதுன்னு நம்ம பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கணும். தென்சென்னையிலயும் தாம்பரம் பக்கத்துலயும் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்புல பெய்யுற மழைத் தண்ணி இங்க வந்து சேருது. கீழ்க்கட்டளை ஏரி நிறைஞ்சா நாராயணபுரம் ஏரிக்கு, அது நிறைஞ்சா இந்தச் சதுப்புக்கு. இப்படி ஏரிக்கு ஏரி கலங்கல் வழியா இறங்கி வர்ற தண்ணி, இங்க கொஞ்ச நாள் இளைப்பாறி, ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்துல கடல்ல சேருது. கடல் ஏத்தம் இருக்கிறப்போ தண்ணி வெளியே போகாது. அந்த நேரம் வரைக்கும் தண்ணியைப் பிடிச்சு வைக்கிற பாத்திரம்தான் சதுப்பு. பாத்திரத்தைச் சின்னதாக்கிட்டு "தண்ணி ஏன் வழியுது"ன்னு கேட்டா என்ன நியாயம்?

2015-ல என்ன நடந்ததுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் அதேதான். வேளச்சேரியில கட்டுமானப் பள்ளத்துல மண் சரிஞ்சு தண்ணி புகுந்து இரண்டு பேர் உயிர் போச்சு. அவங்களை மீட்கவே நாள்கணக்குல தண்ணியை இறைக்க வேண்டியிருந்தது. நிலத்தோட குணம் தெரியாம தோண்டினா என்ன ஆகும்ங்கிறதுக்கு அதைவிடப் பெரிய பாடம் வேணுமா?

சரி, சட்டம் நம்ம பக்கம் இருக்கா? இருக்கு. ஆனா ஓட்டையோட இருக்கு. ரெண்டையும் தெரிஞ்சுக்கணும்.

ஈரநிலங்களைக் காக்க உலக நாடுகள் 1971 பிப்ரவரி 2-ல ஈரான் நாட்டு ராம்சர் நகரத்துல ஒப்பந்தம் போட்டாங்க. இந்தியா 1982-ல சேர்ந்தது. பள்ளிக்கரணை 2022-ல ராம்சர் பட்டியல்ல ஏறிச்சு. பரப்பு 1,247.54 ஹெக்டேர். ராம்சர் பட்டியல்ல ஏறின நிலத்துக்கு 2017-ம் ஆண்டு ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் பொருந்தும். விதி 4 என்ன சொல்லுது? ஈரநிலத்தை வேற பயன்பாட்டுக்கு மாத்தக் கூடாது, ஆக்கிரமிக்கக் கூடாது. குப்பை கொட்டக் கூடாது. கட்டட இடிபாடுகளைச் சேர்த்து வைக்கக் கூடாது. சுத்திகரிக்காத கழிவுநீரை விடக் கூடாது. வெள்ள நீர்மட்டக் கோட்டுல இருந்து 50 மீட்டருக்குள்ள, படகுத் துறை தவிர நிரந்தரக் கட்டுமானமே கூடாது.

அப்புறம் "தாக்கப் பகுதி"ன்னு ஒண்ணு இருக்கு. ஈரநிலத்துக்கு வெளியே இருந்தாலும், அங்க செய்யுற வேலை ஈரநிலத்தைக் கெடுக்கும்னா, அந்த நீர்ப்பிடிப்புப் பகுதியும் கணக்குல வரும். 2025 செப்டம்பர்ல தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அறிவியல்பூர்வமா எல்லையும் தாக்கப் பகுதியும் வரையறுக்கிற வரைக்கும், ராம்சர் எல்லைக்குள்ளயும் அதைச் சுத்தி ஒரு கிலோமீட்டருக்குள்ளயும் புதுசா திட்ட அனுமதி கொடுக்காதீங்கன்னு சி.எம்.டி.ஏ. உள்ளிட்ட அதிகாரிகளுக்கு உத்தரவு போட்டது.

அப்போ "ஒரு கிலோமீட்டருக்குள்ள வீடு வெச்சிருக்கிற எங்க கதி என்ன"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. பேங்க் லோன் போட்டு, ஒரு கிரவுண்டு வாங்கி, மாடி எழுப்ப அனுமதிக்குக் காத்திருக்கிற குடும்பமும், சதுப்பு ஓரத்துல பல மாடிக் குடியிருப்பு கட்ட நினைக்கிற நிறுவனமும் ஒண்ணு இல்ல. இந்த ரெண்டு பேரையும் ஒரே கோட்டுல நிறுத்தினா, சாதாரண ஜனங்க சதுப்பு நிலத்தையே எதிரியா பார்ப்பாங்க. அதுதான் சில பேருக்கு வேணும். அதனால நம்ம கோரிக்கை ரெண்டு: எல்லை ஆய்வைத் தாமதிக்காம முடி, முடிச்ச வரைபடத்தைத் தமிழ்ல, சர்வே எண்ணோட, எல்லார் கண்ணுக்கும் தெரியுற மாதிரி வை.

ஏன் சர்வே எண் முக்கியம்? ராம்சர் பரப்பு 1,247 ஹெக்டேர். அதுல காப்புக்காடா வனத்துறை கையில இருக்கிறது சுமார் 700 ஹெக்டேர்தான். 2007-ல முதல்ல அறிவிச்சது 317 ஹெக்டேர். மீதி 550 ஹெக்டேர் சொச்சம் எந்தெந்த சர்வே எண், யார் பேர்ல இருக்கு, எங்க தொடங்கி எங்க முடியுது? சண்டை எல்லாம் இந்த இடைவெளியிலதான். கோடு தெளிவா இல்லாத இடத்துலதான் லாரி மண்ணு கொட்டும்.

இப்போ ஓட்டைக்கு வருவோம்.

முதல் ஓட்டை. 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி 20,000 சதுர மீட்டருக்கு மேல கட்டுற கட்டடத்துக்கு சுற்றுச்சூழல் அனுமதி வாங்கணும். ஆனா பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்? கட்டடத் திட்டங்களுக்கும் டவுன்ஷிப்புக்கும் விலக்கு! ஒரு ஆலையோ சுரங்கமோ வந்தா, 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, ஆட்சியர் அல்லது அவரோட பிரதிநிதி தலைமையில ஊரைக் கூட்டி, வீடியோ எடுத்து, கடைசியில நடவடிக்கைக் குறிப்பை நம்ம மொழியில படிச்சுக் காட்டணும். ஆனா நம்ம ஏரிக்கரையில ஆயிரம் வீடு வந்தா நம்மகிட்ட யாரும் கேட்க வேண்டியதில்ல. தெருவுல தண்ணி வர்றப்போதான் நமக்கே தெரியும்.

இரண்டாவது ஓட்டை. 2017 விதிகள்ல பாசனத்துக்காகக் கட்டின நீர்நிலைகளும், குடிநீருக்காகக் கட்டினதும் ஈரநிலக் கணக்குல வராது. தமிழ்நாட்டுல ஏரியும் கண்மாயும் பெரும்பாலும் நம்ம முன்னோர் பாசனத்துக்கு வெட்டினதுதானே? நாரையும் கூழைக்கடாவும் "இது பாசன ஏரியா, ஈரநிலமா"ன்னு பார்த்தா இறங்குது? நீர்வளத்துறை ஏரிகளுக்கு 2007-ம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கு. ஆனா 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள ஏரி, ஊர்க் குளம், குட்டை எல்லாம் உள்ளாட்சிகள் பொறுப்பு. அங்க காவல்காரன் யாருன்னா, நீங்களும் நானும்தான்.

அதனாலதான் சொல்றேன், உள்ளூர் பரிசீலனைங்கிறது யாரோ கொடுக்கிற சலுகை இல்ல. நாமளே நடத்தணும். ஊர் பார்த்துக்கிட்டா என்ன நடக்கும்ங்கிறதுக்கு வேடந்தாங்கல் சாட்சி. அந்த ஏரி வெறும் 30 ஹெக்டேர்தான். பறவை எச்சம் கலந்த தண்ணி வயலுக்கு உரம்னு தெரிஞ்ச ஜனங்க, பறவை மிரளும்னு தீபாவளிக்குப் பட்டாசே வெடிக்கிறதில்ல. சட்டம் வர்றதுக்கு முன்னாடியே காவல் காத்த ஊர் அது. 2020-ல சரணாலயத்தோட 5 கிலோமீட்டர் சுற்றளவை 3 ஆக குறைக்க முன்மொழிவு வந்தப்போ, எதிர்ப்புக் குரல் மாநிலம் முழுக்க எழும்பி, கடைசியில அது கைவிடப்பட்டது. 2022-ல வேடந்தாங்கலும் ராம்சர் பட்டியல்ல ஏறிச்சு.

நம்ம வட்டத்துல என்ன செய்யப் போறோம்? ஏரி, குளம், சதுப்பு பக்கத்துல எந்த வேலை வந்தாலும் இந்த அஞ்சு கேள்வியைக் கேட்கணும். அப்பார்ட்மெண்டா இருந்தாலும் சரி, அரசு போடுற ரோடா இருந்தாலும் சரி, நடைபாதை, பூங்கான்னு பேர் வெச்சாலும் சரி.

1. சர்வே எண் என்ன? வருவாய்த்துறை இணையதளத்துல 'அ' பதிவேடும் புலப்படமும் கிடைக்கும். பட்டா யார் பேர்ல இருக்குன்னு மட்டும் பார்க்காதீங்க, நிலத்தோட வகைப்பாட்டைப் பாருங்க.

2. நீர்நிலை எல்லையில இருந்து எத்தனை மீட்டர்? அளந்தது யார், எந்த வருஷ வரைபடத்தை வெச்சு அளந்தாங்க? கூகுள் எர்த்ல பழைய வருஷப் படங்களைத் தள்ளிப் பாருங்க. எப்போ மேடாச்சுன்னு படமே சொல்லும்.

3. தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்தப் போறாங்க? முதல்ல சொன்ன கணக்கை அங்கயே போட்டுக் காட்டுங்க.

4. வரத்துக் கால்வாய், போக்குக் கால்வாய் எது வழியா போகுது? நீர்வளத்துறை தடையின்மைச் சான்றுல என்ன நிபந்தனை போட்டிருக்கு?

5. கழிவுநீர் எங்க போகுது? "சுத்திகரிப்பு நிலையம் அமைப்போம்"னு எழுதினா போதாது. கனமழையில அது மூழ்கினா என்ன திட்டம்?

பதில் வரலைன்னா 10 ரூபாய் கட்டணத்துல தகவல் உரிமைச் சட்ட மனு. 30 நாள்ல பதில் தரணும். சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்கள் பரிவேஷ் இணையதளத்துல இருக்கு, வாரம் ஒரு தடவை ஒருத்தர் பார்த்தா போதும். அனுமதி கொடுத்துட்டாங்கன்னா பசுமைத் தீர்ப்பாயத்துல மேல்முறையீடு செய்ய 30 நாள்தான், காரணம் காட்டினா மேல ஒரு 60 நாள். அதைத் தாண்டினா கதவு மூடிடும். அதனால தேதி ரொம்ப முக்கியம். ஊராட்சியில இருக்கிறவங்க ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபைகள்ல தீர்மானம் போடுங்க. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்னைக்குக் குளத்தைப் பத்திப் பேசாம வேற எப்போ பேசுறது? நகரத்துல இருக்கிறவங்க பகுதி சபாவுல கேள்வியை எழுத்துல கொடுத்து, ஒப்புகை வாங்குங்க. வாயால பேசினது காத்தோட போகும். எழுத்துல கொடுத்தது நாளைக்கு நீதிமன்றத்துல நிக்கும்.

கடைசியா ஒண்ணு. இதைச் சொன்னா சில அண்ணன்களுக்குக் கசக்கலாம், ஆனாலும் சொல்லித்தான் ஆகணும். நாளைக்கு ஏரிக்கரையில மண்ணு கொட்டுறவர் நம்ம கட்சிக்காரரா இருந்தா? ஒப்பந்ததாரர் நமக்கு வேண்டியவரா இருந்தா? அப்பவும் இதே அஞ்சு கேள்வி. ஒரு கேள்வி குறையாது. ஆட்சியில இருக்கிறவங்ககிட்ட கேட்குற கேள்வியை நம்ம ஆளுகிட்ட கேட்கலைன்னா, அடுத்த தேர்தல்ல எந்த முகத்தோட அந்தத் தெருவுக்கு ஓட்டுக் கேட்டுப் போவோம்? தண்ணி வீட்டுக்குள்ள வர்றப்போ கட்சிக் கொடி பார்த்து வர்றதில்ல தோழர்களே.

எந்த வேலையும் நடக்கக் கூடாதுன்னு நாம சொல்லல. ரோடு வேணும், வீடு வேணும், வேலைவாய்ப்பு வேணும். தண்ணி நிக்கிற இடத்துல வேணாம்னுதான் சொல்றோம். எங்க கட்டலாம், எங்க கட்டக் கூடாதுன்னு முடிவு பண்றப்போ அந்த மேசையில ஊருக்கும் ஒரு நாற்காலி போடுன்னு கேட்குறோம்.

ஒவ்வொரு வட்டத்துலயும் நாலு பேர் வேணும். ஒருத்தர் பதிவேடு பார்க்க, ஒருத்தர் படம் எடுக்க, ஒருத்தர் மனு எழுத, ஒருத்தர் தேதி குறிச்சு வைக்க. பெயரை இன்னைக்கே உங்க வட்டச் செயலாளர்கிட்ட கொடுங்க. மனு மாதிரியும், பதிவேடு பார்க்குற முறை விளக்கமும் எங்க அணியில இருந்து அனுப்புறோம். வடகிழக்குப் பருவமழை வர்றதுக்கு முன்னாடி, உங்க வட்டத்துல இருக்கிற ஒவ்வொரு குளத்துக்கும் வரத்து எது, போக்கு எதுன்னு ஒரு தாளாவது நம்ம கையில இருக்கணும்.



#பள்ளிக்கரணை_காப்போம் #ஊரைக்_கேளு