அமீரகம் செல்லும் உறவுகளுக்கு

(பிள்ளைகளைக் காண ஐக்கிய அரபு அமீரகம் செல்லவிருக்கும் குடும்பத்தாருக்காக நமது பள்ளிவாசலில் நடைபெற்ற வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

ஒரு காலத்தில் 'சபராளி' என்றால் குடும்பத்தைப் பிரிந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சிலோனுக்கும் பிழைக்கச் சென்ற ஆண்மகனையே நம் ஊர்களில் குறிப்பர். இன்று நிலை மாறிவிட்டது. மகளின் பேறுகாலத்திற்குத் தாய் செல்கிறார். பேரப்பிள்ளையைக் காணப் பாட்டனார் செல்கிறார். அல்ஹம்துலில்லாஹ், இது அல்லாஹ் அளித்த நிஃமத். ஆயினும், அங்கே பல்லாண்டு வேலை பார்ப்பவருக்கு அந்நாட்டின் சட்டதிட்டம் தெரியும். ஒரு மாதம் தங்கச் செல்லும் விருந்தாளிக்குத் தெரியாது. தெரியாமற்போனது அங்கே ஒரு சாக்காக ஏற்கப்படுவதில்லை. அதனால்தான் இன்று இந்தக் கூட்டம்.

நபி யஅகூப் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் தம் புதல்வர்களைத் தானியம் பெற மிஸ்ருக்கு அனுப்பியபோது என்ன செய்தார்கள்? அனைவரும் ஒரே வாயிலால் நுழைய வேண்டாம், வெவ்வேறு வாயில்களால் நுழையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அத்துடன், அல்லாஹ்வின் நாட்டத்தைத் தம்மால் தடுக்க இயலாது என்றும், அவனையே சார்ந்திருப்பதாகவும் சொன்னார்கள். முன்னெச்சரிக்கையும் தவக்குலும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதை அந்தத் தந்தையிடம் நாம் கற்கிறோம். அதே வரலாற்றில் அரசரின் குவளை இளைய சகோதரரின் மூட்டையிலிருந்து எடுக்கப்பட்ட நிகழ்ச்சியும் உண்டு. அங்கே அது அல்லாஹ் வகுத்த ஏற்பாடு. முடிவு நலமாக அமைந்தது. ஆனால் மூட்டையில் கண்டெடுக்கப்பட்ட பொருளுக்கு மூட்டைக்குரியவரே பிடிக்கப்படுவார் என்ற வழக்கு அன்றும் இருந்தது. இன்றைய விமான நிலையத்திலும் இருக்கிறது.

பிறர் தரும் பொதி

சென்ற ஆண்டு நாம் துபைக்குப் புறப்படுவதற்கு முந்தைய இரவு, வயது முதிர்ந்த ஒரு தாய் நம் இல்லம் தேடி வந்தார். கையில் நன்கு ஒட்டிக் கட்டிய ஒரு பொதி. "ஹஜ்ரத், மகன் அங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறான். மசாலாச் சாமானும் அவனுக்குக் கொஞ்சம் மாத்திரையும் வைத்திருக்கிறேன். கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்" என்றார். பிரித்துப் பார்க்க நமக்குக் கூச்சம். சந்தேகிக்கிறோம் என்று அவர் மனம் நோகுமே என்ற தயக்கம். வாங்கி வைத்துவிட்டோம். ஆனால் அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் பொதியுடன் அவர் இல்லத்திற்கே சென்றோம். "மாமி, உங்கள் முன்னிலையில் பிரித்துப் பார்த்துத்தான் எடுத்துச் செல்வோம், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று கூறிப் பிரித்தோம்.

உள்ளே மல்லித்தூளும் சீரகமும் பட்டையும் இருந்தன. அவற்றுடன் குருமாவுக்கு அரைக்கக் கால் கிலோ கசகசா. கூடவே, மகனின் முதுகுவலிக்கென வாங்கிய டிரமடால் மாத்திரை இரண்டு அட்டை.

அன்பர்களே! கசகசா நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் பொருள். ஆனால் அது அபின் செடியின் விதை. அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். சவூதியிலும் சிங்கப்பூரிலும் அவ்வாறே. டிரமடாலோ அங்கே போதை மருந்துச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. செய்தியை விளக்கியதும் அந்தத் தாய் நடுங்கிப்போனார். "என் கையாலேயே உங்களையும் என் பிள்ளையையும் சிறைக்கு அனுப்பப் பார்த்தேனே" என்று அழுதார். அவரிடம் குற்றமில்லை. நம்மிடம்தான் இருந்தது. கூச்சத்தின் காரணமாக ஓர் இரவு முழுதும் அப்பொதியை அமானத் என எண்ணி வைத்திருந்தோம். உள்ளிருப்பது என்னவென்று அறியாமல் ஏற்பது அமானத் ஆகாது, அது அசட்டை. எனவே இன்று முதல் இந்த மஹல்லாவில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்துவோம். பொதி கொடுப்பவர் திறந்த நிலையில் கொடுக்கட்டும்; பெறுபவர் அவர் முன்னிலையில் பார்த்துக் கட்டட்டும். இதில் யாரும் யார் மீதும் வருத்தம் கொள்ள வேண்டாம்.

மருந்தும் பிற பொருட்களும்

சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மருந்து உண்போர், தங்கும் நாட்களுக்கு வேண்டிய அளவை மட்டும், கடையில் தந்த அட்டையுடனே கொண்டு செல்லுங்கள். நோயும் மருந்தின் மூலப்பெயரும் தெளிவாக எழுதப்பட்ட மருத்துவர் சீட்டு கையில் இருக்கட்டும். தூக்க மாத்திரை, கடும் வலி நிவாரணி, கோடீன் கலந்த இருமல் மருந்து, மனநோய் மருந்து ஆகியவற்றில் எதையேனும் உட்கொள்வோர், அமீரக அரசின் இணையதளம் வழியாக முன்அனுமதி பெறாமல் புறப்படவே கூடாது. இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களே விண்ணப்பித்துத் தருவார்கள்.

வெற்றிலை போடும் பெரியவர்கள் கவனிக்க வேண்டும். வெற்றிலையும் பான் வகைகளும் அமீரகச் சுங்கத் துறையின் தடைப்பட்டியலில் உள்ளன. கொப்பரைத் தேங்காயை விமானத்தில் ஏற்றும் பெட்டியில் வைக்க 2022 முதல் நம் நாட்டு விமானப் பாதுகாப்புத் துறை அனுமதிப்பதில்லை. எண்ணெய்ச் சத்து மிகுந்த அது எளிதில் தீப்பற்றக் கூடியது. கைபேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்கைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். ரொக்கமோ நகையோ 60,000 திர்ஹம் மதிப்பைக் கடந்தால் அங்கே சுங்கத்தில் அறிவித்தாக வேண்டும்.

திரும்பி வரும்போது தங்கம் பற்றிய செய்தி முக்கியமானது. நகைக்கான சுங்கச் சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கித் திரும்புவோருக்கே உரியது. ஒரு மாதம் சென்று வருபவருக்கு அது கிடையாது. இங்கிருந்து அணிந்து செல்லும் நகைக்குப் புறப்படும்போதே நம் விமான நிலையச் சுங்கப் பிரிவில் காட்டிச் சான்று பெற்றுக்கொண்டால், திரும்பும்போது வீண் விவாதம் எழாது. "இந்தச் சங்கிலியை மட்டும் போட்டுக்கொண்டு போங்கள், வெளியே ஆள் வந்து வாங்கிக்கொள்வார், டிக்கெட் காசு தருகிறோம்" என்று எவரேனும் சொன்னால் மறுத்துவிடுங்கள். 'குருவி' என்று அழகிய பெயர் சூட்டினாலும் அது கடத்தல்தான். அந்த வருமானத்தில் பேரனுக்கு வாங்கித் தரும் மிட்டாயில் பரக்கத் இராது.

விசாவும் வாக்குறுதியும்

விசா என்பது நாம் அந்நாட்டுக்கு அளிக்கும் வாக்குறுதி. கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். சுற்றுலா விசா பெரும்பாலும் 30 நாளுக்கோ 60 நாளுக்கோ வழங்கப்படுகிறது. திரும்பும் பயணச்சீட்டும், தங்குமிட விவரமும், செலவுக்கான பணமும் விமான நிலையத்தில் கேட்கப்படலாம். அவற்றின் நகலைக் கையில் வையுங்கள். தவணை கடந்து தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம். பத்து நாள் என்றால் 500 திர்ஹம். இறுதி நாளை நாட்காட்டியில் குறித்து வைத்து, அதற்கு இரண்டு நாள் முன்னரே புறப்படுவது அறிவுடைமை.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. விசிட் விசாவில் சென்று வேலை செய்வது அங்கே குற்றம். "முதலில் விசிட்டில் போ, பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லிப் பணம் பெறும் முகவரை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதன் மீதான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. முகவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பார்க்கத் தெரியாதவர்கள் நமது ஜமாஅத் அலுவலகத்திற்கு வாருங்கள், பார்த்துச் சொல்வோம்.

நாம் செய்த தவறு

பிறருக்குச் சொல்லும் நாமும் தவறினோம். அதே பயணத்தில், நம் மத்ரஸாக் கட்டடத்திற்கு உதவி கோரலாமென்று ரசீதுப் புத்தகம் ஒன்றைப் பெட்டியில் வைத்துச் சென்றோம். தங்கியிருந்த வீட்டில் அதைக் கண்ட உறவினர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். அனுமதி பெற்ற நிறுவனங்களன்றித் தனிமனிதர் எவரும் நன்கொடை திரட்டக் கூடாது என்று 2021ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. மீறினால் அபராதம் இலட்சக்கணக்கான திர்ஹம். வீதியிலோ பள்ளி வாசலிலோ கையேந்துவதைத் தண்டிக்க 2018ஆம் ஆண்டில் தனிச் சட்டமே வந்துள்ளது. அதே ஆண்டின் பள்ளிவாசல் ஒழுங்குச் சட்டப்படி, அனுமதியின்றிப் பள்ளியில் பயான் செய்வதும், துண்டுப் பிரசுரம் வழங்குவதும், வசூல் செய்வதும் கூடா. நாமோ இஷாவுக்குப் பின் நாலு வார்த்தை பேசலாமென்றும் எண்ணியிருந்தோம்! ரசீதுப் புத்தகத்தை அப்படியே ஊருக்குக் கொண்டு வந்தோம். நிய்யத் நல்லதாயிருப்பது சட்டத்திலிருந்து விலக்கு அளிக்காது என்பதை அன்று கற்றோம். விருந்தாளி, வீட்டுக்காரரின் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவன்.

அன்றாடம் கவனிக்க வேண்டியவை

அங்கே நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால். வேளை தவறாது மருந்து உண்போர் இதைக் கணக்கிடுங்கள். மின்செருகி மூன்று தட்டைக் கால்களைக் கொண்டது. அதற்கேற்ற இணைப்பான் வேண்டும். வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம். ஆனால் குரல் அழைப்பு பொதுவாக அங்கே இயங்காது. பேச்சு வரவில்லையென்று ஊரிலிருப்போர் பதற வேண்டாம்.

நம் ஊர்போல் நினைத்த இடத்தில் சாலையைக் கடக்காதீர்கள். அபராதம் 400 திர்ஹம். 2025இல் நடைமுறைக்கு வந்த புதிய போக்குவரத்துச் சட்டப்படி, அதிவேகச் சாலையைக் கண்ட இடத்தில் கடப்பவருக்குச் சிறைத் தண்டனையும் உண்டு. துபை மெட்ரோவில் உண்பதும் பருகுவதும் 100 திர்ஹம் அபராதத்திற்குரியவை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப்பெட்டி உண்டு. ஆண்கள் அறியாமல் ஏறிவிட வேண்டாம். பிறரை, குறிப்பாகப் பெண்களை, அனுமதியின்றிப் படம் எடுக்காதீர்கள். கோபத்தில் ஒருவரை ஏசிக் கைபேசியில் செய்தி அனுப்புவதும் அங்கே வழக்காகும்.

கோடையில் வெப்பம் 45 டிகிரியைக் கடக்கும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்குவதை அந்நாட்டு அரசே தடை செய்துள்ளது. உடலுழைப்புக்குப் பழகிய இளைஞர்களுக்கே அந்நிலை என்றால், முதியோர் நவம்பர் முதல் மார்ச் வரையிலான காலத்தைத் தேர்ந்து செல்வதே நலம். மருத்துவச் செலவு அங்கே மிக அதிகம். பயணக் காப்பீடு இன்றிச் செல்லாதீர்கள்.

தொழுகையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஓரிடத்தில் 15 நாட்களுக்குக் குறைவாகத் தங்க நிய்யத் செய்பவர் ஹனஃபி மத்ஹபின்படி கஸ்ர் செய்வார். ஷாஃபிஈ மத்ஹபில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க நிய்யத் செய்துவிட்டாலே முழுமையாகத் தொழ வேண்டும். பிள்ளைகளிடம் ஒரு மாதம் தங்கச் செல்வோர் இரு மத்ஹபின்படியும் முழுமையாகவே தொழ வேண்டும். ஹனஃபிகளுக்கு ஒரு குறிப்பு: அங்கே அஸர் பாங்கு நமக்கு முன்னதாகவே ஒலிக்கும். கைகளைக் கட்டாது தொங்கவிட்டுத் தொழுவோரைக் கண்டால் வியக்க வேண்டாம். அது மாலிகி மத்ஹபின் வழக்கம்.

இறுதியாகச் சில எண்களை எழுதிக்கொள்ளுங்கள். காவல்துறை 999, ஆம்புலன்ஸ் 998, தீயணைப்பு 997. இந்தியர்களுக்கான உதவி மையத்தின் கட்டணமில்லா எண் 800 46342. அபூதபீயில் நம் தூதரகமும் துபையில் துணைத் தூதரகமும் உள்ளன. கடவுச்சீட்டின் நகலையும், பிள்ளைகளின் முகவரி, தொலைபேசி எண் எழுதிய சீட்டையும் முதியோரின் சட்டைப்பையில் எப்போதும் வையுங்கள். கைபேசியில் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். கைபேசி தொலைந்தால் எண்ணும் தொலையும்.

அன்பானவர்களே! நாம் சொன்னவற்றில் பாதியை மறந்தாலும், அந்தத் தாயின் பொதியை மறவாதீர்கள். பார்க்காத பொருளைச் சுமக்காதீர்கள். செய்ய இயலாத வாக்கை எழுதிக் கொடுக்காதீர்கள். புறப்படும் நாளில் ஜமாஅத்தில் தெரிவித்துச் செல்லுங்கள், துஆச் செய்து வழியனுப்புவோம்.

சென்று வரும் யாவருடைய சஃபரையும் அல்லாஹ் இலேசாக்கி வைப்பானாக! பிரிந்திருக்கும் பெற்றோரையும் பிள்ளைகளையும் நலமுடன் சந்திக்கச் செய்வானாக! அறியாமையால் அயல்நாட்டுச் சிறைகளில் வாடுவோருக்கு விடுதலையை நஸீபாக்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.