குழாய்த் தாங்கிகளும் வெப்பக் காப்பும்

தொழிற்சாலைகளிலே கொதிநீராவியும் எண்ணெயும் குளிர்ந்த திரவங்களும் குழாய்களின் வழியே ஓடுகின்றன. வெப்பமோ குளிர்ச்சியோ வீணாகாதவாறு அக்குழாய்களைக் கண்ணாடி நார், தக்கை, நுரைப்பொருள் முதலியவற்றாற் போர்த்துவது வழக்கம். ஆயினும் குழாய் அந்தரத்தில் நிற்பதில்லை. சில மீற்றருக்கு ஒரு தாங்கி வேண்டும். அத்தாங்கியின் உலோகம் குழாயை நேரே தொடுமாயின், போர்வையிலே ஒரு வாயிலைத் திறந்து வைத்ததற்கு ஒப்பாகும். உலோகம் வெப்பத்தை எளிதிற் கடத்துவதால், போர்வை அரிதிற் காத்த வெப்பம் அவ்வாயில் வழியே வெளியேறிவிடும்.

குளிர்க் குழாய்களில் இதனால் விளையுந் தீங்கு இன்னும் பெரிது. திரவமாக்கிய இயற்கை வாயுவின் வெப்பநிலை, பூச்சியத்துக்குக் கீழே ஏறக்குறைய 162 பாகை செல்சியசு. அக்கடுங்குளிர் தாங்கியினுள் இறங்கினால், காற்றிலுள்ள ஈரம் அதன்மீது பனிக்கட்டியாகப் படியும். போர்வைக்குள் ஈரம் புகுந்தால் அதன் காக்கும் ஆற்றல் கெடும். இவற்றினும் கொடியது வேறொன்று: சாதாரண உருக்கு அத்தகைய குளிரில் நொறுங்குந் தன்மையை அடைந்துவிடும். பாரத்தைச் சுமக்கவேண்டிய காலே உடைந்துபோகும்.

இதனைத் தடுக்கவே குழாய்க்கும் உருக்குக்கும் இடையில், அடர்ந்த பொலியூரித்தேன் நுரையாலோ மரத்தாலோ ஆன துண்டை அமைக்கின்றனர். போர்வைக்குரிய மெல்லிய நுரை இதற்கு உதவாது, பாரத்தில் நசுங்கிவிடும். நுரையின் அடர்த்தியைக் கூட்டினால் வலிமை கூடும். ஆனால் வெப்பங் கடத்துந் தன்மையும் கூடும். இவ்விரண்டுக்கும் இடையே ஏற்ற அளவைக் காண்பதே பொறியியலாளரின் திறமை.

தாங்கி தவறினால் நிலமே குலையும் இடமும் உண்டு. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், வடக்கே புருடோ விரிகுடாவிலிருந்து தெற்கே வால்டீஸ் துறைமுகம் வரை, ஏறக்குறைய 1,300 கிலோமீற்றர் நீளமான குழாயில் 1977 ஆம் ஆண்டு எண்ணெய் ஓடத் தொடங்கியது. வழியிற் பெரும்பகுதி, ஆண்டு முழுவதும் உறைந்து கிடக்கும் மண். நிலத்தடியிலிருந்து வரும் எண்ணெயோ சூடானது. சூடான குழாயை அம்மண்ணிற் புதைத்தால் மண் இளகிச் சேறாகும். குழாய் அமிழ்ந்து முறியும். ஆகையால் குழாயின் பாதிக்கு மேற்பட்ட பகுதியை ஏறக்குறைய 78,000 தூண்களின்மீது, நிலத்துக்கு மேலே தாங்கி நிறுத்தினர்.

மண் எளிதில் இளகக்கூடிய இடங்களில், தூண்களுக்குள் அமோனியா அடைத்த சிறு குழல்களைப் பொருத்தினர். குளிர்காலத்தில் மண்ணின் வெப்பத்தைக் கவர்ந்து அமோனியா ஆவியாகி மேலெழும். உச்சியிலுள்ள தகடுகள் வழியே அவ்வெப்பத்தைக் குளிர்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகி, மீண்டுங் கீழிறங்கும். இதற்கு இயந்திரமும் வேண்டாம், எரிபொருளும் வேண்டாம். மேலும், குழாய் விறைப்பாகப் பிணைக்கப்படாமல், குறுக்குச் சட்டங்களின்மீது வழுக்கி அசையுமாறு அமைக்கப்பட்டது. 2002 நவம்பரில் 7.9 அளவுடைய டெனாலி நிலநடுக்கம் அவ்வழியைக் குலுக்கியபோது தாங்கிகள் சில சேதமுற்றன. குழாய் முறியவில்லை, எண்ணெய் சிந்தவில்லை.

உலகம் வெப்பமுற்று வரும் இந்நாளில் அவ்வுறைமண்ணும் இளகி வருகின்றது. எனவே அத்தூண்களைக் கண்காணித்துப் பேணும் பணி முன்னையிலும் இன்றியமையாததாகிவிட்டது. குழாயின் நீளத்தையும் எண்ணெயின் அளவையுமே உலகம் பேசும்; அவற்றின் பாதுகாப்போ, கண்ணிற் படாத இத்தாங்கிகளிலேயே தங்கியிருக்கின்றது.